மகனுக்குப் பதிலாகப் பேசுகிறவர்

"உம் பேரென்னடா ராசா?" என்று டீக்கடையில் யாரோ ஒருவர் குனிந்து கேட்கிறார். இடுப்பில் இருக்கும் பையன் கேட்டவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் சட்டைப் பொத்தானையோ, கடைக்குள் சுற்றும் மின்விசிறியையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்குள் அவன் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கீச்சுக்குரல் பதில் சொல்லிவிடுகிறது: "கார்த்திகேஷ் மாமா! எங்கப்பாவுக்கு ஒரு வடை வாங்கிக் குடு மாமா!" கடை சிரிக்கிறது. கேட்டவரும் சிரித்துவிட்டு நிமிர்ந்துகொள்கிறார். பையன் வாயே திறக்கவில்லை என்பது யாருக்கும் உறைப்பதில்லை. பேசியது சாய்குமார், பையனுடைய அப்பா.

செல்லூரில் எங்கள் சந்தில் சாய்குமாரைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். பஞ்சுத் தூசி படிந்து புருவம் எப்போதும் நரைத்தே இருக்கும். குளித்துவிட்டு வந்தால் திடீரென்று காலேஜ் பையனாகிவிடுவார். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நடந்தபடியே சாப்பிடுவார். அவர் சைக்கிளில் மணி கிடையாது. வழி வேண்டுமென்றால் அவரே "ட்ரிங் ட்ரிங், ஓரமாப் போ ஆத்தா" என்று கத்திக்கொண்டு போவார். மெதுவாகப் பேச அவருக்கு வராது. "பக்கத்துலதான நிக்கிறேன், மெதுவாச் சொல்லுங்கண்ணே" என்றால், "நாங்க ரகசியம் பேசுனாலே ஆரப்பாளையம் வரைக்கும் கேக்கும்மா, என்ன செய்யச் சொல்ற" என்பார்.

விசைத்தறி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல்தான். தறிகள் அவருடைய தாய்மாமா பாலசுந்தரத்துக்குச் சொந்தமானவை. முன்கட்டில் தறி, பின்கட்டில் குடித்தனம். சாய்குமார், அவர் மனைவி ஹம்சவேணி, கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை இந்துப்ரியா, பையன் கார்த்திகேஷ் ஆகியோர் அங்கே இருக்கிறார்கள். தறி ஓடும்போது அந்த வீட்டுக்குள் நின்றால் நெஞ்செலும்பு அதிரும். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் எங்கள் வீட்டிலேயே டம்ளரில் தண்ணீர் வைத்தால் வட்டம் வட்டமாக நடுங்கும்.

ஆகவே அந்த வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தோளைத் தட்டுவார்கள். தரையை ஓங்கி மிதிப்பார்கள். கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டுவார்கள். மற்றதெல்லாம் சைகைதான். கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்தால் டீ. இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டினால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். வயிற்றுக்கு முன்னால் ஒரு பானை வரைந்தால் முதலாளி வருகிறார், ஏனென்றால் பாலசுந்தரத்துக்குத் தொந்தி. அந்தச் சைகைகளில் பாதி சாய்குமார் உண்டாக்கியவை. ஞாயிற்றுக்கிழமை பார்த்த சினிமாவைச் சண்டைக் காட்சியோடு சேர்த்து, ஓடுகிற தறிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மொக்கைச்சாமிக்குக் கையாலேயே சொல்லி முடித்துவிடுவார். மொக்கைச்சாமி சிரிக்கிற சிரிப்பில் அவருடைய தறியில் நூல் அறுந்துபோகும்.

கார்த்திகேஷ் பிறந்து வளர்ந்தது இந்தச் சத்தத்துக்குள்தான். தொட்டிலில் கிடந்தபோதிருந்தே அவனைத் தொட்டு எழுப்பினார்கள், தொட்டுத் திருப்பினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள அந்த வீட்டில் வழியே இல்லாமல் இருந்தது. இதைப் படிக்கிறவர்கள் யாருடைய வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நூல் விலை ஏறிவிட்டதென்று சொல்லி, போன வருஷம் மாசி மாதத்தில் செல்லூர்த் தறிகளை முதலாளிகள் நிறுத்திப்போட்டார்கள். சந்து திடீரென்று அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் கடுகு வெடிப்பது எங்களுக்குக் கேட்டது. வேலையில்லாத கவலையைவிட, அந்த அமைதிதான் எல்லோருக்கும் தலைவலியாக இருந்தது. சாய்குமார் மட்டும் பழக்கம் விடாமல் கத்திக்கொண்டே திரிந்தார்.

அப்படி ஒரு மத்தியானத்தில் ஹம்சவேணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே "கார்த்தி" என்று கூப்பிட்டிருக்கிறார். பையன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊடு நூல் சுற்றுகிற காலித் தார்க்குச்சியைத் தரையில் பம்பரம் மாதிரி சுழற்றிவிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து அது சுற்றுவதையே பார்ப்பான். நின்றதும் மறுபடி சுழற்றுவான். அவர் மறுபடி கூப்பிட்டார். எழுந்து கிட்டே போய்க் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. அந்த நேரம் தெருமுனையில் ஐஸ் வண்டி மணி அடித்தது. உடனே தலையைத் தூக்கினான்.

"அப்பதான் பாப்பா எனக்கு ஒறைச்சுச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். "மணி கேக்குது. என்னையத்தான் கேக்கல."

அதற்குப் பிறகு அவர் கண்ணில் ஒவ்வொன்றாகப் பட ஆரம்பித்தது. பையனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பானையை நோக்கி விரல் நீட்ட மாட்டான்; அழவும் மாட்டான். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்தக் கையைத் தூக்கி டம்ளரின் மேல் வைப்பான். அப்போதும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. "கொறடு எடுத்து ஆணி புடுங்குற மாதிரி என் கைய எடுத்துக்கிறான்." அதே வயதுப் பிள்ளைகள் நசுங்கிய மூடி கிடைத்தாலும் ஓடிவந்து "அம்மா இங்க பாரு" என்று காட்டும். இவன் எதையும் கொண்டுவந்து காட்டியதில்லை. ஒன்றரை வயதில் "பஸ்" என்றான். "அப்பா" என்றான். இப்போது மூன்று நெருங்குகிறது, அந்த வார்த்தைகளைக் காணோம். அவை எந்த நாளில் போயின என்று எவ்வளவு யோசித்தும் ஹம்சவேணிக்கு நினைவுக்கு வரவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

சாய்குமாரிடம் சொன்னபோது அவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. "இம்புட்டுச் சத்தத்துல பொறந்தவனுக்குக் காது கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு" என்றார். ஆனால் மறுநாளே பையனைக் காது பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வரும்போதே ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்து சந்து முழுக்கக் கொடுத்தார். "எம் மகனுக்கு என்னைய விட நல்லாக் கேக்குதாம்! டாக்டரு என்னையத்தான் மெசின் மாட்டிக்கச் சொல்றாரு!"

ஹம்சவேணி ஜாங்கிரியைத் தொடவில்லை. "காது நல்லா இருக்குன்னா அப்புறம் ஏங்க திரும்ப மாட்டேங்குறான்?"

"நீ கூப்புடுற லட்சணம் அப்படி."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கவைத்த சாய்குமார் மட்டும் அந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. பதில் தேடிக்கொண்டு ஊரெல்லாம் கேட்டிருக்கிறார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு பதில் கிடைத்தது. சாய்குமார் வீட்டார் சௌராஷ்டிரர்கள், வீட்டில் அவர்கள் மொழி, வாசற்படி தாண்டினால் தமிழ். இரண்டு பாஷை காதில் விழுந்து பிள்ளை குழம்பிவிட்டது, ஒன்றை நிறுத்துங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். சாய்குமார் அன்று மாலையே சட்டம் போட்டுவிட்டார். பையன் இருக்கிற இடத்தில் யாரும் தமிழைத் தவிர எதுவும் பேசக்கூடாது.

அதற்குள் தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன; தறிக்கூடத்தில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "அண்ணே, எங்கூரு பேரையூரு, நமக்குத் தமிழத் தவிர வேற தெரியாது. நான் வேணா உங்க வீட்டுக்கு வந்து டியூசன் எடுக்கவா?" என்று மொக்கைச்சாமி கேட்டார். ஹம்சவேணிக்குத்தான் வாய் கட்டிப்போனது. பையனைத் தூங்கவைக்கும்போது அவர் பாடுவதை எங்கள் மாடியில் இருந்து கேட்பேன். ஒரு வார்த்தை புரியாது. கேட்க நன்றாக இருக்கும். அது நின்றுவிட்டது. "தமிழ்ல எனக்குக் கொஞ்சத் தெரியாது பாப்பா" என்றார். "சண்டை போடத்தான் தெரியும்."

எல்லோரையும் சிரிக்கவைக்கிற அந்த மனிதரை ஒருநாள் சாயங்காலம் வேறு மாதிரி பார்த்தேன். அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் அவரும் பையனும் மட்டும் நின்றிருந்தார்கள். பையனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதட்டிக் கூப்பிட்டார். கொஞ்சிக் கூப்பிட்டார். பஸ் ஹாரன் மாதிரி கத்தினார். கையைத் தட்டினார், விசில் அடித்தார். பையன் கொடிக்கம்பியில் தொங்கிய பாவாடை நாடா காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது தெற்கே இறங்கப்போகிற விமானம் ஒன்று தாழப் பறந்து வந்தது. "அங்க பாரு கார்த்தி, ஏரோப்ளேன்! அங்க பாரு!" என்று குந்தி உட்கார்ந்து விரலை நீட்டினார். பையன் அந்த விரலையே பார்த்தான். விரல் காட்டிய பக்கம் பார்க்கவில்லை. பிறகு அப்பாவின் கைக்கடிகார வாரைப் பிடித்துத் திருக ஆரம்பித்தான். சாய்குமார் அவன் முகவாயைப் பிடித்து வானத்தின் பக்கம் திருப்பினார். கையை எடுத்ததும் முகம் பழையபடி வாருக்கே வந்தது. விமானம் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

கீழே இறங்கி வந்தவரை மொக்கைச்சாமி, "என்னண்ணே, மகன் என்ன சொல்றான்?" என்று கேட்டார். சாய்குமார் பையனை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீச்சுக்குரலில், "ஏரோப்ளேன் வாங்கித் தரச் சொல்றேன் மாமா!" என்றார்.

ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரு அம்மாதான் ஹம்சவேணிக்கு வழி சொன்னார். அவர் பெண் குழந்தையும் இப்படித்தான் இருந்ததாம். நாகமலை புதுக்கோட்டையில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பள்ளிக்கு, மாதம் ஒரு தடவை வெளியூரிலிருந்து டாக்டரம்மா ஒருவர் வருகிறார். சீக்கிரம் காட்டக் காட்ட நல்லது என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். ஹம்சவேணி அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமையில்தான் இந்துப்ரியாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பாலசுந்தரம் பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்து சாய்குமாரிடம் பேசினார். பையன் பக்கத்தில் இருந்ததால் சட்டப்படி அதையும் தமிழில்தான் பேச வேண்டியிருந்தது. இந்துப்ரியாவின் ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக் கொடுக்கப் போயிருந்த எனக்கு அதனால்தான் புரிந்தது.

"மாப்ள, மொதல்ல இந்து கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீ எங்க வேணாலும் தூக்கிட்டுப் போ. நம்ம ஆளுக மதுரைக்குள்ள எம்புட்டுப் பேரு? இன்னைக்கு அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல உன்னைய ஒருத்தன் பாத்தாப் போதும், நாளைக்கு முனிச்சாலை பூராவும் பேசும். பொண்ணு எடுக்குறவன் என்ன நெனைப்பான்? இந்த வீட்டு ரத்தத்துலயே கோளாறுன்னு நெனைக்க மாட்டானா?"

"எம் மகனுக்கு ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லைல்ல? அப்புறம் எதுக்குப் போகணும்?"

இந்துப்ரியா தலையைக் குனிந்துகொண்டு ஊக்குகளை எண்ணுவதுபோல் இருந்தார். ஹம்சவேணி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

டாக்டரம்மா வருவதற்கு முந்தின நாள் நடந்த சண்டையை எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன். காற்றுக்காகத் தறிக்கூடத்தின் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை காதில் விழவில்லை, ஆனாலும் முழுச் சண்டையும் புரிந்தது. ஹம்சவேணி வந்து கணவர் தோளைத் தட்டினார். பையனைக் காட்டினார், மேற்குப் பக்கம் கையைக் காட்டி இரண்டு விரலை நடக்கவிட்டார். சாய்குமார் முடியாது என்று தலையை ஆட்டி, கழுத்தைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினார்: தங்கை கல்யாணம். ஹம்சவேணி உள்ளங்கையைக் கவிழ்த்துப் பையனின் உயரத்தில் வைத்தார். கொஞ்சம் உயர்த்தினார். இன்னும் உயர்த்தினார். தன் தலைக்கு மேல் கையை எட்டும் மட்டும் தூக்கி நிறுத்திக்கொண்டு கணவரையே பார்த்தார். சாய்குமார் முகத்தைத் திருப்பித் தறியைப் பார்த்துக்கொண்டார். மற்ற தறிக்காரர்களும் பார்க்காத மாதிரி நூலைப் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் கையை மறைத்துக்கொண்டு ரகசியம் பேச முடியாது.

ஹம்சவேணி விறுவிறுவென்று போய், ஒவ்வொரு தறியாகக் கைப்பிடியைத் தட்டி நிறுத்தினார்.

"யக்கா! யக்கா! துணியில கோடு விழுந்துரும்க்கா!" என்று மொக்கைச்சாமி பதறினார்.

கடைசித் தறியும் நின்றது. அந்த அமைதியில் ஹம்சவேணி சாதாரணக் குரலில் சொன்னதே சந்துக்குக் கேட்டது. "நாளைக்கு நான் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. இந்தப் புள்ளைய வேண்டாம்னு நீங்க சொல்ல மாட்டீங்க. ஆனா இன்னும் ஒரு வருசம் இப்படியே பேசிச் சிரிச்சு ஓட்டிருவீங்க."

சாய்குமார் ஏதோ பதில் சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. அவர் பேசி எனக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பஸ்ஸில் நானும் போனேன். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருப்பதால், இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமென்று ஹம்சவேணி கூப்பிட்டிருந்தார். டாக்டரம்மா இங்கிலீஷில் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு நரைத்த தலை, களைத்த முகம். வராந்தாவில் பிள்ளைகளோடு நிறையப் பேர் காத்திருந்தார்கள். அறையில் பாய் விரித்துப் பொம்மைகள் வைத்திருந்தார்கள். கார்த்திகேஷ் ஒரு காரை எடுத்துக் கவிழ்த்துப்போட்டு அதன் சக்கரத்தைச் சுழற்ற ஆரம்பித்தான்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவானா?"

"திரும்புவான் மேடம். டக்குன்னு திரும்புவான்" என்றார் சாய்குமார்.

"வேணுங்கறதை விரல் நீட்டிக் காட்டுவானா?"

"காட்டுவான்."

"எதையாவது எடுத்துட்டு வந்து உங்ககிட்ட காட்டுவானா? எடுத்துக் கொடுன்னு கேக்கறதுக்கு இல்ல. சும்மா, 'இது எப்படி இருக்கு பாரு'ன்னு?"

"கொண்டாந்து கொட்டிருவான் மேடம். வீடு பூராவும் சாமான்தான்."

"பேச்சு?"

"தூங்குற நேரம் போக மத்த நேரம் பூராவும் பேச்சுதான். அப்பன மாதிரி."

"இல்ல மேடம்..." என்று ஹம்சவேணி ஆரம்பித்தார்.

"இவ பயந்த சுபாவம் மேடம். தெருவுல நாய் கொலைச்சாலே டாக்டர்கிட்டப் போகணும்பா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. "புது இடம்னா சில பிள்ளைங்க இப்படி இருக்கறது உண்டு" என்றார். "இந்தக் கொஞ்ச நேரத்துல நான் பாக்கறதைவிட வீட்டுல நீங்க பாக்கறதுதான் முக்கியம். ஆனா நீங்க ரெண்டு பேரும் ரெண்டு மாதிரி இருக்கீங்க. அப்பா சொல்றபடிதான் வீட்டுல இருக்கான்னா, இப்போதைக்கு அவசரம் இல்ல. ஆறு மாசம் போகட்டும், மறுபடி கூட்டிட்டு வாங்க."

கேட்க ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. சாய்குமார் பையனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ஹம்சவேணி நாற்காலியை விட்டு எழாமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் போனதும் டாக்டரம்மா பையனைப் பார்த்து, "டாட்டா சொல்ல மாட்டியா?" என்றார். சாய்குமார் வழக்கம்போல் பையனின் மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கையை ஆட்டினார். பிஞ்சுக்கை துணி மாதிரி துவண்டு இப்படியும் அப்படியும் போனது. அவர் வாயில் கீச்சுக்குரல் வரவில்லை. ஆட்டுவதை நிறுத்திவிட்டு, தன் விரல்களுக்குள் இருந்த அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நான் சொன்னது பூராவும் பொய் மேடம்."

வெளியே ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. டாக்டரம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "பரவாயில்ல. முதல்லேர்ந்து கேக்கறேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவானா?"

"இல்ல."

"விரல் நீட்டிக் காட்டுவானா?"

"இல்ல மேடம்."

"கொண்டுவந்து காட்டுவானா?"

சாய்குமார் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கேட்காமலேயே சொன்னார்: "முன்னாடி பஸ்ஸுன்னு சொன்னான். அப்பான்னு சொன்னான். போன தீபாவளிக்கு அப்புறம் சொல்லல. வேட்டுச் சத்தத்துல பயந்துருப்பான், திரும்ப வந்துரும்னு இருந்தேன்." ஹம்சவேணி சட்டென்று நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். தனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

டாக்டரம்மா நிறைய நேரம் பார்த்தார். பாயில் பையனோடு உட்கார்ந்து சக்கரம் சுற்றினார், சோப்பு நுரைக் குமிழி ஊதினார், பொம்மைக்குச் சோறு ஊட்டிக் காட்டினார். பிறகு சொன்னார். "ஆட்டிசமா இருக்கலாம். ஒரே தடவையில முடிவு சொல்ல மாட்டேன், இன்னும் பாக்கணும். ஆனா முடிவு வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். பேச்சு, விளையாட்டெல்லாம் பழக்கறதை இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."

"தறிச் சத்தத்தாலயா மேடம்?"

"இல்ல."

"வீட்டுல ரெண்டு பாஷை. அதனாலயா?"

"இல்லவே இல்ல. அம்மாவுக்கு எது வாயில வருதோ அதுல பேசட்டும்."

"அப்ப யாரு மேல தப்பு?"

"யார் மேலயும் இல்லைங்க."

யார் மேலாவது தப்பு இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் போலத் தோன்றியது. "எப்ப மேடம் சரியாகும்?" என்று கேட்டார். காய்ச்சல் மாதிரி வந்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை, ஆனால் இந்த வயதிலேயே கூட்டிவந்துவிட்டதால் பையன் நிறையக் கற்றுக்கொள்ள முடியும் என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். எத்தனை வார்த்தை பேசுவான் என்று கேட்டதற்கு, அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் ஹம்சவேணி பையனின் காதோரம் குனிந்து அவர்கள் மொழியில் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். சாய்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். டாக்டரிடம் போன விஷயம் பாலசுந்தரத்துக்குத் தெரிந்து, வீட்டில் பெரிய சண்டை நடந்திருந்தது. கடைசியில், வந்தவர்கள் போகிறவரை பையன் எங்கள் வீட்டில் இருப்பதென்று ஏற்பாடு. ஹம்சவேணி பட்டுச்சேலையில், வீங்கிய கண்ணோடு அவனைக் கொண்டுவந்து விட்டார். "சத்தம் போட மாட்டான் பாப்பா" என்றார். அவன் கையில் ஒரு தார்க்குச்சியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

தறிகள் நின்றிருந்தன. தறிக்கூடத்திலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் பாலசுந்தரத்தின் வெள்ளைச் சட்டையும், மாப்பிள்ளையின் அப்பா தலையாட்டிப் பேசுவதும் தெரிந்தன. அவர்கள் மொழியில் பேசினார்கள். சாய்குமாரைப் பார்த்து அவர் ஏதோ கேட்டார். சாய்குமார் வாயைத் திறப்பதற்குள் பாலசுந்தரம் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்டதாகவும், ஒரே பையன், அவன் பரமக்குடியில் அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில் இருக்கிறான் என்று பாலசுந்தரம் சொன்னதாகவும் இந்துப்ரியா பிறகு எனக்குச் சொன்னார்.

சாய்குமார் மாமாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் சந்தைக் கடந்து எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தார். கஞ்சி போட்ட வேட்டி படபடத்தது. "குடும்மா" என்று மட்டும் சொன்னார். பையன் மேல்சட்டை இல்லாமல் அரை நிஜாரோடு இருந்தான். சட்டை மாட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கினார். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றுகொண்டேன்.

முன்வாசல் வழியாகத்தான் உள்ளே போனார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நேர் எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு நிதானமாக, சம்மணம் போட்டு அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பையனைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அவர்கள் மொழியில், மெதுவான குரலில், இரண்டே வாக்கியம் பேசினார். இது எம் மகன், எங்கயும் போகல. இவனுக்குப் பேச்சு வரல, வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கோம். அவ்வளவுதான் சொன்னாராம். இந்துப்ரியா காபித் தட்டைப் பிடித்தபடி நடையிலேயே நின்றுவிட்டார்.

பாலசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா வாய்க்குக் கொண்டுபோன லட்டைப் பாதி வழியில் நிறுத்தி, பையனையே பார்த்தார். அத்தனை புது முகங்களுக்கு நடுவில் கார்த்திகேஷ் உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பித்தான். வேகம் கூடியது. ஹம்சவேணி அவனைப் பிடித்து நிறுத்த ஒரு அடி முன்னால் வைத்தார். சாய்குமார் வேண்டாம் என்பதுபோல் அவரைப் பார்த்தார். பிறகு பையனோடு தோள் ஒட்டி நகர்ந்து உட்கார்ந்து, விருந்தாளிகளின் முகத்தை நேராகப் பார்த்தபடியே, தானும் அவனோடு சேர்ந்து முன்னும் பின்னுமாக ஆட ஆரம்பித்தார்.